யுஸ்ஸி பியோர்லிங்கின் குரல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்வீடன் நாட்டு டெனர் பாடகரான யுஸ்ஸி பியோர்லிங் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. ஆனாலும் அவருடைய பழைய ஒலிப்பதிவுகளைத் தேடிக் கேட்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர் பெயரில் ஸ்வீடனிலும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ரசிகர் சங்கங்கள் இயங்கிவந்துள்ளன. ஐரோப்பிய இசைநாடகமான ஓபராவை அண்மையில் கேட்கத் தொடங்கியவர்கள், இந்த ஒரு குரலைப் பற்றி மூத்த ரசிகர்கள் இத்தனை உருக்கத்தோடு பேசுவது ஏன் என்று வியப்பதுண்டு. அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கு என்னால் இயன்ற விடைகளும் கீழே உள்ளன.

யுஸ்ஸி பியோர்லிங் யார்?

1911 பிப்ரவரியில், ஸ்வீடனின் டாலர்னா பகுதியில் உள்ள போர்லெங்கே என்ற ஊரில் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் யூஹான் யூனத்தான். 'யுஸ்ஸி' என்பது பின்லாந்து வழிவந்த பாட்டியின் பக்கமிருந்து கிடைத்த செல்லப்பெயர். 1930-ல், 19 வயதில், ஸ்டாக்ஹோம் அரச ஓபராவில் மேடையேறினார். 1938 நவம்பர் 24 அன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் புச்சினியின் 'லா போஹேம்' நாயகன் ரொடோல்ஃபோவாக அறிமுகமானார். போர்க்காலத்தில் சில ஆண்டுகள் தாய்நாட்டிலேயே இருக்க நேர்ந்ததைத் தவிர, அதன்பின் அவருடைய வாழ்க்கை அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் மாறி மாறி நடந்தது. 1960 செப்டம்பர் 9 அன்று ஸ்டாக்ஹோம் தீவுக்கூட்டத்தில் உள்ள சியாரோ தீவில், தம் கோடைக்கால வீட்டில் காலமானார். அப்போது அவருக்கு வயது 49.

அந்தக் குரலில் அப்படி என்னதான் இருக்கிறது?

கீழ்ச் சுரத்திலிருந்து உச்சிவரை எங்கும் தையல் தெரியாத குரல் என்பதே முதல் விடை. டெனர் என்பது ஆண்குரல்களில் மேல் ஸ்தாயியில் இயல்பாகச் சஞ்சரிக்கும் குரல். அந்தக் குரலுக்கு ஏறத்தாழ 330 ஹெர்ட்ஸுக்கும் 370 ஹெர்ட்ஸுக்கும் இடைப்பட்ட சில சுரங்களில் ஒரு சோதனை உண்டு. பேச்சுக்குரலின் தொடர்ச்சியாக வந்த ஒலி அதற்குமேல் அப்படியே தொடர முடியாது. குரல்நாண்களும் தொண்டையும் வேறொரு அமைப்புக்கு மாறவேண்டும். மிகப் பெரிய பாடகர்களிடம்கூட இந்த இடத்தில் ஏதாவதொரு தடயம் காதில் படும். சிலருக்கு ஒலி திடீரென இருண்டுபோகும். சிலருக்கு அதுவரை நன்றாக ஒலித்த உயிரெழுத்து கலங்கும். வேறு சிலர் வலிமையைக் கூட்டி அந்த இடத்தைக் கடந்துவிடுவார்கள். பியோர்லிங்கிடம் அந்தக் கடப்பு நிகழ்கிறது என்பது ஊகத்தால் மட்டுமே தெரிகிறது. மேலே போகப்போக ஒலி ஒடுங்குவதற்குப் பதிலாக இன்னும் சற்றுத் திறந்துகொண்டு வருவதுபோல் இருக்கும்.

இரண்டாவது, சுரத்தைத் தொடும் விதம். கீழிருந்து இழுத்துக்கொண்டுபோய்ச் சேர்க்காமல், சுரத்தின் நடுவில் நேராக வந்து நிற்பார். அந்தக் காலத்து டெனர்கள் பலர் உருக்கத்துக்காக விசும்பலையும் பெருமூச்சையும் தாராளமாகச் சேர்த்தார்கள். கேட்பவர்களும் அதை எதிர்பார்த்தார்கள். இவர் அதை மிக அரிதாகவே செய்தார். சோகம் வேண்டிய இடத்தில் ராகத்தை ஒழுங்காகப் பாடினார், அவ்வளவுதான். ஆனால் அந்தக் குரலின் நிறத்திலேயே ஒரு மெல்லிய ஏக்கம் கலந்திருந்ததால் தனியாக அழவேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. கார்வை நீளும்போது குரலின் அசைவு சற்று வேகமாகவும் மிகக் குறுகலாகவும் இருக்கும். அதனால் நீண்ட சுரங்கள் தேங்கி நிற்காமல் உயிரோடு நகர்வதாகத் தோன்றும்.

ரசிகர்கள் அவரைப் புகழும்போது உச்ச சுரங்களையே முதலில் சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அவரைவிட உரத்த உச்ச சுரங்களை இத்தாலிய டெனர் ஃபிராங்கோ கொரெல்லியிடம் கேட்கலாம். அந்த உச்சிக்குப் போகும் வழியில் உள்ள நடுத்தர சுரங்களை, யாரும் கைதட்டாத சாதாரண வரிகளை, பியோர்லிங் அளவுக்குக் கவனமாகப் பாடியவர்கள் மிகச் சிலரே.

ஏதாவது ஒரு பாடலை வைத்து இதைக் காட்ட முடியுமா?

'லா போஹேம்' முதல் அங்கத்தில் ரொடோல்ஃபோ பாடும் 'கே ஜெலிதா மனீனா' என்ற ஆரியாவை (ஓபராவில் வரும் தனிப்பாடலை) எடுத்துக்கொள்ளலாம். சர் தாமஸ் பீச்சம் இசைக்குழுவை நடத்த, விக்டோரியா தெ லாஸ் ஆஞ்செலஸ் நாயகி மிமியாகப் பாட, 1956-ல் நியூயார்க்கில் பதிவான முழு ஓபராவில் இது இருக்கிறது. சூழல் எளிமையானது: விளக்கு அணைந்துவிட்டது, இருட்டில் சாவியைத் தேடும் பக்கத்து அறைப் பெண்ணின் கை தற்செயலாகக் கவிஞனின் கையில் படுகிறது, இந்தக் கை எவ்வளவு குளிர்ந்திருக்கிறது, நான் சூடாக்கித் தருகிறேன் என்று அவன் தொடங்குகிறான்.

தொடக்கத்தில் மெட்டு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரே சுரத்தில் பல அசைகள் வந்து விழுகின்றன. அவசரப்படும் பாடகர் இதை வெறும் முன்னுரையாகத் தள்ளிவிட்டுப் போவார். பியோர்லிங் இங்கே குரலைப் பாதியாகக் குறைத்து, அருகில் இருப்பவளுக்கு மட்டும் கேட்கவேண்டும் என்பதுபோல் பாடுகிறார். ஆனால் ஒலியின் மையம் கரையவில்லை, ஒவ்வோர் அசையும் அடுத்ததன்மேல் படிந்து தொடர்கிறது. பிறகு தான் யார், என்ன செய்கிறான், எப்படி வாழ்கிறான் என்று அவன் தன்னையே கேள்வி கேட்டு விடை சொல்லும் பகுதியில் குரல் லேசாகிப் பேச்சுக்கு நெருங்குகிறது. அதன்பின் வயலின்கள் கீழிருந்து அந்தப் பெரிய மெட்டை எடுத்துக்கொடுக்க, அவரும் அவற்றோடு ஏறுகிறார்.

உச்சம் 'ஸ்பெரான்ட்ஸா' என்ற சொல்லில் வருகிறது. அங்கே உள்ள மேல் 'சி' சுரம் சுமார் 523 ஹெர்ட்ஸ். இந்த ஒரு சுரத்துக்கு அஞ்சி ஆரியா முழுவதையும் அரைச் சுரம் இறக்கிப் பாடுவது மேடைகளில் வெகுகாலமாக உள்ள வழக்கம். பியோர்லிங் இந்தப் பதிவில் அதைத் தனி வித்தையாக்கிக் காட்டவில்லை. வரியின் போக்கில் வந்து, தேவையான அளவு நின்று, கீழே இறங்கும்போது அதே மூச்சில் இறங்குகிறார். அதற்குப் பின் வருவதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஆரியா உச்ச சுரத்தோடு முடிவதில்லை. இனி நீங்கள் யாரென்று சொல்லுங்கள் என்ற பணிவான வேண்டுகோளோடு முடிகிறது. பல பாடகர்களுக்கு உச்சம் முடிந்தவுடன் கவனமும் முடிந்துவிடும். இவர் அந்தக் கடைசி வரிகளைத் தொடக்கத்தில் இருந்த அதே மென்மையோடு பாடி, கேள்வியைக் கேள்வியாகவே விட்டுச்செல்கிறார்.

மைக் இல்லாமல் அவ்வளவு பெரிய அரங்கில், வாத்தியங்களை மீறி ஒருவர் குரல் எப்படிக் கேட்கும்?

அழகான கேள்வி இது. இதற்கு அறிவியல் விடை கண்டவர்களில் முதன்மையானவரும் ஒரு ஸ்வீடன் நாட்டவரே. ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த ஒலியியல் ஆய்வாளர் யூஹான் சுண்ட்பெரி 1970-களில் வெளியிட்ட ஆய்வுகளில், ஆர்க்கெஸ்ட்ராவோடு சேர்ந்து பாடும் குரலுக்கு எடுத்துக்காட்டாகக் கொண்டது பியோர்லிங்கின் ஒலிப்பதிவைத்தான்.

சத்தமாக வாசிக்கும் ஆர்க்கெஸ்ட்ராவின் ஒலியை அலைவெண் வாரியாகப் பிரித்தால், அதன் வலிமை 450 ஹெர்ட்ஸ் அருகே உச்சத்தில் இருந்து, அதற்குமேல் சீராகக் குறைந்துகொண்டே போகும். சாதாரணப் பேச்சொலியின் வடிவமும் ஏறக்குறைய அதேதான். ஆகவே ஒருவர் வெறுமனே உரக்கக் கத்தினால் வாத்திய ஒலி அவரை அப்படியே மூடிவிடும். பயிற்சி பெற்ற ஓபரா பாடகரின் குரலில் மட்டும் 2500 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் இன்னொரு மேடு எழுகிறது. வாத்தியங்களின் வலிமை வெகுவாகத் தாழ்ந்துவிட்ட இடம் அது. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் எல்லையும் ஏறத்தாழ அங்கேயே இருக்கிறது.

பாடகர் குரல்வளையைத் தாழ்த்தித் தொண்டையை விரிவாக வைத்துக்கொள்ளும்போது, குரல்நாண்களுக்குச் சற்று மேலே உள்ள குறுகிய குழாய் தனியாக அதிரத் தொடங்குவதே இந்த மேட்டுக்குக் காரணம். ஆக, பாடகர் கூடுதல் மூச்சைச் செலவிடுவதில்லை. இருக்கும் ஒலியை வேறொரு பக்கம் திருப்பிவிடுகிறார். பியோர்லிங் முகம் சுளிக்காமல் பாடியும் கடைசி வரிசைவரை கேட்டது என்று பழைய ரசிகர்கள் சொல்வதில் மாயம் ஒன்றும் இல்லை என்பது இதனால் விளங்கும். ஆனால் பயிற்சி பெற்ற ஓபரா ஆண்குரல்களில் பொதுவாகவே இந்த மேடு உண்டு. இவருடைய அழகு முழுவதையும் அதைக் கொண்டே விளக்கிவிட முடியாது. குரல் கேட்பதற்கான காரணம் அது, அதைக் கேட்டுக்கொண்டே இருக்கத் தோன்றுவதற்குக் காரணம் வேறு.

இது பிறவிக் குரலா, பயிற்சியால் வந்ததா?

இரண்டும்தான், ஆனால் பயிற்சி எவ்வளவு சீக்கிரம் தொடங்கியது என்பதைக் கவனிக்கவேண்டும். தந்தை டேவிட் பியோர்லிங்கும் டெனர் பாடகர். நியூயார்க் மெட்ரோபாலிட்டனின் பாட்டுப் பள்ளியில் படித்தவர். மகன்கள் பேசப் பழகும் வயதிலேயே பாடவும் பழக்கினார். 1917-ல் தாய் இறந்தபின், ஊல்லே, யுஸ்ஸி, யோஸ்தா என்ற மூன்று பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு தேவாலயம் தேவாலயமாகப் பாடிப் பிழைத்தார். 1919-ல் தொடங்கி ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள் இந்தக் குடும்பக் குழு அமெரிக்காவில் ஸ்வீடன் நாட்டவர் குடியேறிய ஊர்களில் சுற்றியது. 1920-ல் நியூயார்க்கில் இசைத்தட்டும் பதிவுசெய்தது. அப்போது யுஸ்ஸிக்கு 9 வயது. அந்தத் தட்டில் பிள்ளைக்குரல்கள் கொஞ்சமும் வெட்கமில்லாமல் முழுக்குரலில் ஒலிப்பதைக் கேட்டால், பின்னாளைய இலகு எங்கிருந்து வந்தது என்பது புரியும்.

1926-ல் தந்தையும் இறந்துவிட்டார். 1928-ல் ஸ்டாக்ஹோம் அரச ஓபராவின் இயக்குநர் யோன் ஃபோர்செல் முன்னிலையில் பாடிக்காட்டி மாணவராகச் சேர்ந்தார். ஃபோர்செல் தாமே பெரும் பாரிட்டோன் (டெனருக்குக் கீழான ஆண்குரல்) பாடகர், கண்டிப்புக்குப் பெயர்போனவர். ஸ்காட்லாந்து நாட்டு டெனரான ஜோசஃப் ஹிஸ்லப்பிடமும் பின்னர் பாடம் கேட்டார். ஐம்பதுக்கும் மேற்பட்ட வேடங்களை இளம் வயதிலேயே ஸ்டாக்ஹோமில் ஏற்றுப் பாடியதுதான், என் கருத்தில், எல்லா ஆசிரியர்களைவிடவும் பெரிய ஆசிரியர். அங்கே அன்று எல்லா ஓபராக்களும் ஸ்வீடிஷ் மொழியிலேயே பாடப்பட்டன. இடையே செலவுக்காக எரிக் ஓட்டே என்ற புனைபெயரில் நடனப் பாடல்களையும் பதிவுசெய்தார். அந்தத் தட்டுகளும் இன்று கிடைக்கின்றன, கேட்க நன்றாகவே இருக்கின்றன.

'முத்துக் குளிப்போர்' ஜோடிப் பாடல் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது என்ன?

ஜார்ஜ் பிஸே எழுதி 1863-ல் பாரிஸில் அரங்கேறிய பிரெஞ்சு ஓபரா 'முத்துக் குளிப்போர்'. கதை நடக்கும் இடம் இலங்கைக் கடற்கரை. ஆனால் மன்னார் முத்துக்குளிப்பை அறிந்த ஒரு தமிழர் அதில் தம் கடலையோ மக்களையோ தேடினால் ஏமாந்துபோவார். அது பாரிஸ்காரர்கள் கற்பனையில் கண்ட கீழ்த்திசை, பிரம்மாவுக்கு நோன்பிருக்கும் பூசாரிணி உட்பட. நதீர், சுர்கா என்ற இரண்டு நண்பர்கள், ஒரு காலத்தில் தங்களைப் பகையாக்கப் பார்த்த பெண்ணை முதன்முதலில் கோயிலில் கண்ட நாளை நினைவுகூர்ந்து, இனி எதுவும் நம்மைப் பிரிக்காது என்று உறுதி கூறுவதுதான் இந்தப் பாடல்.

பியோர்லிங்கும் அமெரிக்கப் பாரிட்டோன் ராபர்ட் மெரிலும் 1950-களின் தொடக்கத்தில் இதைப் பதிவுசெய்தார்கள். பிரிட்டிஷ் வானொலியின் நேயர் விருப்ப நிகழ்ச்சிகளில் பல ஆண்டுகள் சலிக்காமல் கேட்கப்பட்ட பதிவு அது. ஹார்ப்பின் மேல் புல்லாங்குழல் மெட்டைத் தொடங்க, டெனர் அதைத் தாழ்ந்த குரலில் எடுக்கிறார்; இரண்டு குரல்களும் இணைந்து ஏறும்போது எது யாருடையது என்று பிரித்துப் பார்க்கத் தோன்றாத அளவுக்குக் கலக்கின்றன. பிஸே முதலில் எழுதியது வேறு முடிவு. அந்தப் பெரிய மெட்டு கடைசியில் திரும்ப வரும்படி அவர் மறைவுக்குப் பின் மாற்றியமைக்கப்பட்ட வடிவத்தையே இவர்கள் பாடியிருக்கிறார்கள். மூலத்துக்கு உண்மையாக இருக்கவேண்டும் என்பவர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள். இந்தப் பதிவைக் கேட்டபின் எனக்கு மாற்றிய வடிவமே போதும் என்று தோன்றுகிறது. பிரெஞ்சு உச்சரிப்பு அப்பழுக்கற்றது என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

அவருக்கு நடிக்கத் தெரியாது, குரலும் சிறியது என்கிறார்களே?

நடிப்பைப் பற்றிய குறையில் பெருமளவு உண்மை உண்டு. குள்ளமான, பருத்த உடல்வாகு. மேடையில் அதிகம் அசையமாட்டார். 1956 ஜனவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ரெனாட்டா டெபால்டியோடு 'லா போஹேம்' முதல் அங்கத்தின் பகுதியைப் பாடிய காட்சி இணையத்தில் கிடைக்கிறது. காதல் வயப்பட்ட இளங்கவிஞனை அதில் கண்ணால் தேடினால் கிடைக்கமாட்டான். ஆனால் அவர் முகத்தை உற்றுப் பார்ப்பது பயனுள்ள வேலை. தாடை இறுகவில்லை, கழுத்து நரம்பு புடைக்கவில்லை, புருவம் உயரவில்லை. மேல் சுரம் வரும்போதும் வாய் கூடுதலாகச் சற்றுத் திறக்கிறது, அவ்வளவே. பாட்டுப் படிக்கும் மாணவர்கள் அந்தக் காட்சியை ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை பார்க்கலாம்.

குரல் சிறியது என்பது பாதி உண்மை. இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் மிகக் கனமான நாயகனான ஒத்தெல்லோவை அவர் மேடையில் ஏற்கவே இல்லை. அதிலிருந்து ஒரு ஜோடிப் பாடலை மெரிலோடு பதிவுசெய்ததோடு நிறுத்திக்கொண்டார். 1959-ல் ரோமில் பிர்கிட் நில்சனோடு 'டூரண்டோட்' பதிவுசெய்தபோது அவருக்கு எதிரே இருந்தது அக்காலத்தின் மிகப் பெரிய சொப்ரானோ (மேல் ஸ்தாயிப் பெண்குரல்) குரல்களில் ஒன்று. அந்தப் பதிவில் ஒலிப்பொறியாளர்களின் கைவண்ணமும் கலந்திருக்கும் என்று சந்தேகிப்பவர்களை நான் மறுக்கமாட்டேன். ஆனாலும் மெட்ரோபாலிட்டன் போன்ற மிகப் பெரிய அரங்கில் வெர்டியின் 'இல் ட்ரோவத்தோரே', 'டான் கார்லோ' போன்றவற்றை அவர் ஆண்டுக்கணக்கில் பாடியிருக்கிறார்; 1950-ல் ருடால்ஃப் பிங் அங்கே பொது மேலாளராகப் பொறுப்பேற்றபோது முதல் நாள் இரவில் 'டான் கார்லோ'வின் நாயகன் இவர்தான். சிறிய குரலை நம்பி அந்த இரவை யாரும் ஒப்படைத்திருக்கமாட்டார்கள்.

உணர்ச்சி போதாது, குளிர்ச்சியாக இருக்கிறது என்ற குறையும் உண்டு. ஸ்டூடியோவில் பதிவான சிலவற்றைக் கேட்டால் எனக்கும் அப்படித் தோன்றியிருக்கிறது. மேடையில் பதிவானவற்றைக் கேட்கும்போது அந்த எண்ணம் நிற்பதில்லை.

கரூசோ, பவரோட்டி இவர்களோடு ஒப்பிட்டால்?

என்ரிகோ கரூசோ 1921-ல் மறைந்தார். அவருடைய தட்டுகள் யாவும் மின் ஒலிவாங்கி வருவதற்கு முந்தியவை. கொம்புக் குழாயின் முன் நின்று பாடியவை. பியோர்லிங்கின் முதல் தனித் தட்டுகள் 1929-ல், மின்முறைப் பதிவு நிலைபெற்றபின் வந்தவை. ஆகவே ஒருவரின் குரலையும் இன்னொருவரின் பதிவு முறையையும் சேர்த்தே நாம் ஒப்பிடுகிறோம் என்ற எச்சரிக்கை வேண்டும். கரூசோவின் குரல் பாரிட்டோனுக்குரிய இருளும் கனமும் கொண்டது. லூசியானோ பவரோட்டியிடம் சொற்கள் இன்னும் தெளிவு, சிரிப்பும் வெளிச்சமும் அதிகம். இத்தாலிய மொழி அவருடைய தாய்மொழி என்பது ஒவ்வோர் உயிரெழுத்திலும் தெரியும். பியோர்லிங்கைத் தாம் மிகவும் மதிப்பதாகவும், அவரோடு ஒப்பிடப்படுவதையே விரும்புவதாகவும் பவரோட்டி வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். யார் பெரியவர் என்ற வாதத்தில் இறங்குவதைவிட, 'டூரண்டோட்' ஆரியாவான 'நெஸ்ஸுன் டோர்மா'வை பியோர்லிங் 1944-ல் ஸ்டாக்ஹோமில் பதிவுசெய்த மூன்று நிமிடத் தட்டையும் பவரோட்டியின் ஏதேனும் ஒரு பதிவையும் அடுத்தடுத்துக் கேட்பது நல்லது. ஒருவர் வெற்றியை அறிவிக்கிறார்; மற்றவர் விடியலுக்காகக் காத்திருக்கிறார்.

அவர் குடிப்பழக்கத்துக்கு ஆளானவர் என்பது உண்மையா?

உண்மை. அவருடைய மனைவியும் சொப்ரானோ பாடகியுமான ஆன்னா-லீஸா, கணவரைப் பற்றி 1996-ல் வெளிவந்த வாழ்க்கை வரலாற்றில் இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். குடியால் சில நிகழ்ச்சிகளும் உறவுகளும் கெட்டன. பாட்டின் தரத்தை அது எவ்வளவு பாதித்தது என்று பதிவுகளை வைத்துத் தேடினால் மிகக் குறைவாகவே அகப்படும்.

நெஞ்சுவலியோடு ஒரு முழு ஓபராவைப் பாடினார் என்கிறார்களே?

1960 மார்ச் 15 அன்று லண்டன் கோவென்ட் கார்டனில் 'லா போஹேம்'. அரச குடும்பத்திலிருந்து ராஜமாதா எலிசபெத் வந்திருந்தார். திரை உயர்வதற்கு முன் பியோர்லிங்குக்கு இதயக் கோளாறு ஏற்பட்டது. நிகழ்ச்சி தாமதமாகத் தொடங்கியது. அவர் இறுதிவரை பாடி முடித்தார். இதை வீரமாகப் போற்றுபவர்கள் பலர். அதை நிறுத்தியிருக்கவேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதே ஆண்டு ஜூனில் வியன்னாவில் ஃபிரிட்ஸ் ரைனர் நடத்திய வெர்டியின் 'ரெக்வியம்' பதிவில் பாடினார். அவருடைய கடைசி முழு ஸ்டூடியோப் பணி அதுதான். ஜூலையில் ரோமில் ஜார்ஜ் சோல்ட்டியோடு தொடங்கிய 'ஊன் பல்லோ இன் மாஸ்கெரா' இடையிலேயே நின்றுபோய், பின்னர் கார்லோ பெர்கோன்ட்ஸி என்ற டெனரை வைத்து முடிக்கப்பட்டது. 'ரெக்விய'த்தில் உள்ள 'இஞ்செமிஸ்கோ' பகுதியை 1938-லும் அவர் தனியாகப் பதிவுசெய்திருந்தார் என்பதால், 27 வயதுக் குரலையும் 49 வயதுக் குரலையும் ஒரே பாடலில் கேட்கும் வாய்ப்பு நமக்கு இருக்கிறது. இளமையில் ஒலி மினுமினுப்பாகவும் சற்று அவசரமாகவும் இருக்கிறது. பின்னதில் நிறம் ஆழ்ந்திருக்கிறது, வேகம் நிதானப்பட்டிருக்கிறது. மேலே ஏறும் இடத்தில் மட்டும் எந்த வேறுபாடும் இல்லை.

புதிதாகக் கேட்பவர் எங்கே தொடங்கலாம்?

முழு ஓபரா வேண்டுமென்றால், பீச்சம் நடத்திய 1956 'லா போஹேம்'தான். அது மோனோ பதிவு என்று தயங்கவேண்டாம். அதற்கடுத்து, ஸிங்கா மிலானோவ், ஃபெடோரா பார்பியெரி, லியனார்ட் வாரன் ஆகியோரோடு 1952-ல் பாடிய 'இல் ட்ரோவத்தோரே'. தனிப்பாடல்கள் போதுமென்றால், நில்ஸ் கிரெவில்லியுஸ் நடத்த ஸ்டாக்ஹோமில் 1930-களிலும் 40-களிலும் பதிவான தட்டுகளின் தொகுப்பு ஏதாவது ஒன்று. அவற்றில் ரொஸ்ஸினியின் 'ஸ்டாபாத் மாட்டர்' பகுதியான 'கூயுஸ் ஆனிமாம்' 1938-ல் பதிவானது. மேல் 'சி'க்கும் அரைச் சுரம் மேலே உள்ள 'டி ஃபிளாட்டை' அவர் அதில் தொடுவது, இந்தப் பக்கத்தில் நான் உச்ச சுரங்களைப் பற்றிச் சொன்னதையெல்லாம் கொஞ்சம் ஆட்டங்காண வைக்கும்.

மொழி புரியவில்லை என்பது பெரிய தடையில்லை. பாடல் எந்தக் கட்டத்தில் வருகிறது என்பதை மட்டும் முன்பே தெரிந்துகொண்டால் போதும். அவர் தாய்மொழியில் பாடியதைக் கேட்க விரும்பினால் 'டில் ஹாவ்ஸ்', 'டோனர்னா' என்ற இரண்டு ஸ்வீடிஷ் பாடல்களைத் தேடுங்கள். முன்னது கடலுக்கு அழைக்கும் ஆர்ப்பாட்டம். பின்னது எண்ணங்களிலிருந்து இசைக்குள் அடைக்கலம் தேடும் சிறு பாட்டு.

மேடைப் பதிவுகளில், குநோவின் 'ரோமியோ ஜூலியட்' மெட்ரோபாலிட்டனில் 1947 பிப்ரவரியில் பிதூ சயாவோடு பாடியது வானொலி ஒலிபரப்பிலிருந்து கிடைத்திருக்கிறது. ஒரே ஒரு பதிவைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது வற்புறுத்தினால் நான் இதை எடுத்துக்கொள்வேன். குளிர்ச்சியான பாடகர் என்று அவரைச் சொன்னவர்கள் கல்லறைக் காட்சியைக் கேட்டதில்லை.

ஒரே பாடல் ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு மாதிரி கேட்கிறதே, ஏன்?

பழைய தட்டுகள் '78' என்று அழைக்கப்பட்டாலும் எல்லாம் சரியாக நிமிடத்துக்கு 78 சுற்று வேகத்தில் பதிவானவை அல்ல. அந்தத் தட்டுகளைக் குறுந்தட்டு போன்ற புதிய வடிவங்களுக்குப் பெயர்த்தெடுப்பவர் வேகத்தைச் சரிபார்க்காமல் விட்டால் சுருதி மாறிவிடும். வேகம் 6 சதவீதம் கூடினாலே பாட்டு ஏறத்தாழ அரைச் சுரம் ஏறிவிடுகிறது, குரலும் மெலிந்து, அசைவு படபடப்பாகக் கேட்கிறது. இரைச்சலை அடியோடு நீக்குகிறேன் என்று வடிகட்டுபவர்கள் செய்யும் கேடு இன்னொரு வகை: முன்னே சொன்ன 3000 ஹெர்ட்ஸ் பகுதியின் ஒளியும் இரைச்சலோடு சேர்ந்து போய்விடும். அப்படிப்பட்ட பதிவைக் கேட்டு, இவரிடம் என்ன இருக்கிறது என்று கேட்பவர்மேல் குற்றமில்லை.

நாக்சாஸ் நிறுவனத்தின் வரலாற்றுத் தொடரில் வந்த பியோர்லிங் தொகுதிகள் சுருதி சரிபார்த்து, இரைச்சலைக் கொஞ்சம் மிச்சம் வைத்துப் பெயர்க்கப்பட்டவை, விலையும் குறைவு. ஸ்வீடனின் புளூபெல் நிறுவனம் மேடை, வானொலிப் பதிவுகளை வெளியிட்டிருக்கிறது. இணையத்தில் இலவசமாகக் கேட்பவர்கள், ஒரே தட்டின் இரண்டு மூன்று பெயர்ப்புகளைத் திறந்து வைத்து, இரைச்சல் சற்றுக் கூடுதலாக உள்ளதையே தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் சரியாக இருக்கும்.